ஆறு வாரமும் நாலு நாளும்

என் வயிற்றில் பிள்ளையே இல்லாத இரண்டு வாரத்துக்காக என் புருஷன் என்னோடு இருபத்து மூன்று நாள் பேசவில்லை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் ஒருநாள் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

என் பெயர் சுதர்ஷினி. கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். அவர் பெயர் இந்திரகுமார். கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. தீபாவளி, பொங்கல், தோட்டத்துத் திருவிழா என்று வருஷத்துக்கு மூன்று தடவை ஊருக்கு வருவார். கல்யாணமாகி ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் அவர் மொத்தம் எத்தனை நாள் என்னோடு இருந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. இவளுக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று மட்டும் நாங்கள் இருக்கும் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. கேட்காதவர்கள் பாவப்பட்டுப் பார்த்தார்கள். கேட்டவர்களே பரவாயில்லை.

இந்த வருஷத் திருவிழாவில் பிள்ளை வரம் வேண்டித் தீ மிதிப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். நல்ல காரியம்தான். ஆனால் காப்புக் கட்டுவது விளையாட்டில்லை. மணிக்கட்டில் மஞ்சள் ஏறிய நிமிஷத்திலிருந்து அதை அறுக்கும் வரைக்கும் கவுச்சி கூடாது, பெண்டாட்டியோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது, தீட்டு இருக்கும் வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. எனக்கென்றால் காப்புக் கட்டுகிற அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் வந்து தொலைத்தது. அவர் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "நான் தூரம். வீட்டுக்கு வராதீங்க. நேரா கோயிலுக்குப் போயிருங்க" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டார்.

நானும் பால்குடம் எடுப்பதாக இருந்தேன். மஞ்சள் சேலை வாங்கி, சட்டை தைத்து எல்லாம் தயாராக இருந்தது. அவருடைய அம்மா, மாமி மூக்காயி, அதை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குச் சமைக்கப் போய்விட்டார். லயத்தில் இருந்த பத்து வீடும் பூட்டு. நானும் ஒரு நாயும்தான் மிச்சம். மேளச் சத்தம் மேலே ஏறி வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் லவுட்ஸ்பீக்கரில் காப்புக் கட்டுகிறவர்களின் பெயரை வரிசையாக வாசித்தார்கள். அவர் பெயர் வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து தனியாக அழுதேன். பிள்ளைக்காக நேர்ந்துகொள்கிற நாளில்கூடப் பிள்ளை இல்லை என்று உடம்பு சொல்லிக் காட்டுகிறதே என்ற ஆத்திரம்.

பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு, தீ மிதிக்கிற அன்றைக்குக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். அவர் நன்றாகத்தான் மிதித்தார். திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பை அறுத்தார்கள். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தார். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று இரவு இருந்தார். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டார்.

நானும் அன்றைக்கே மரத்துக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சுத் துணை இருக்கும். நிரையில் பத்துப் பேர் நின்றால் பத்து வீட்டுக் கதையும் கொழுந்தோடு கூடையில் விழும். ரப்பர் அப்படியில்லை. ஆளுக்கு முந்நூறு மரம். விடியும்போது தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் பால் வடிந்து சேரும் வரைக்கும் மனுஷர் முகத்தையே பார்க்க முடியாது. எனக்கு அது பழகிப்போயிருந்தது.

நாள் தள்ளிப்போனபோது நான் நம்பவில்லை. ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை இப்படித் தள்ளி ஏமாற்றியிருக்கிறது. ஆனால் இந்தத் தடவை ஸ்டோருக்குப் பால் கொண்டுபோனால் பாலை உறையவைக்கிற அசிட் வாடையில் குடலே மேலே வந்தது. டவுனுக்குப் போய்ப் பரிசோதிக்கிற பட்டியை வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு கோடு. யாரிடம் சொல்வது? மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வழக்கம். அதனால் மாமியிடம் மட்டும் சொன்னேன். என் புருஷனிடம் கிளினிக் போய்வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். எங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃபை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பெண். நல்ல மாதிரி. கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். மறக்கக்கூடிய தேதியா அது? அட்டையில் அதை எழுதி, தேதிகள் போட்ட ஒரு அட்டை வட்டத்தைச் சுழற்றிப் பார்த்து, ஆறு வாரமும் நாலு நாளும் என்று போட்டார். நான் வெளியே வந்த கையோடு அட்டையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். சந்தோஷத்தின் அவசரத்தில் முதல் படம் கலங்கிப்போய், இரண்டாவது தடவை எடுத்தேன்.

பத்து நிமிஷத்தில் அவர் கூப்பிட்டார். சந்தோஷத்தில் அழப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"ஆறு வாரமும் நாலு நாளும்னு போட்டிருக்கு" என்றார்.

"ஆமாங்க. மிஸ் வட்டத்த சுத்தி பாத்துத்தான் போட்டாங்க."

"காப்பு அறுத்தது திங்கக்கெழம. அதுலருந்து இன்னைக்கு அஞ்சு வாரமும் ஒரு நாளுந்தான் ஆகுது."

எனக்கு என்ன சொல்கிறார் என்றே பிடிபடவில்லை.

"ஆறு வாரம் நாலு நாளுன்னா, நான் வந்து எறங்குன வெள்ளிக்கெழம. அன்னைக்கு நான் கோயில்ல இருந்தேன், சுதா. லயமே கோயில்ல இருந்துச்சு. நீ மட்டுந்தான் வீட்ல இருந்த."

"நான் தூரமா இருந்தேங்க. அதனாலதான வராதீங்கன்னு..."

"ஆமா. வராதீங்கன்னு நீதான மெசேஜ் போட்ட."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நான் ஏன் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் எனக்கும் தெரியவில்லையே! தப்புச் செய்யாதவள் கையில் பதில் தயாராக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்புச் செய்தவள்தான் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பாள். மூன்று இரவு அவரோடு இருந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அட்டையில் பொய் எழுத மிஸ்ஸுக்கும் என்ன தேவை? பஸ்ஸில் வரும்போது, எனக்கே தெரியாமல் எனக்கு என்னவோ நடந்துவிட்டதா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த யோசனைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாமிக்குச் சங்கதி போய்விட்டது. மகன் அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். மாமி அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உண்மைய சொல்லு புள்ள. காப்புக் கையோட அவன் ஒரு நாளு வீட்டுக்கு வந்தானா?"

"இல்ல மாமி."

"வந்திருந்தா சொல்லிரு. தப்புத்தான், ஆனா ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். ஒரு பொங்க வச்சா தீந்துரும்."

கிழவியின் கண்ணில் அவ்வளவு ஆசை. அவன் விரதத்தை உடைத்தான் என்று நான் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கெஞ்சினார். தெய்வக் குற்றத்தைத் தாங்கிக்கொள்வார், மற்றதைத் தாங்கமாட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் இல்லாததை எப்படிச் சொல்வது? தான் வரவில்லை என்பது அவர் மகனுக்கே தெரியும். இல்லை என்றே திரும்பச் சொன்னேன். மாமி எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மிஸ் பிள்ளைக் காம்பராவுக்கு வருவார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சிங்களத்தில்தான் பேசினோம். நான் கேட்டு முடிப்பதற்குள் மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. நீ முதல் ஆள் இல்லை நங்கி என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொன்னார்.

ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். ரத்தம் வந்த முதல் நாளிலிருந்துதான் உலகம் முழுக்கக் கர்ப்பத்தை எண்ணுகிறார்களாம். அந்த நாளில் வயிற்றில் பிள்ளை கிடையாது. அடுத்த நாளும் கிடையாது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். அது ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் வித்து உள்ளே போய் மூன்று நாலு நாள்கூடக் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்த பிறகு, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, மெதுவாக நகர்ந்து வந்து, கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்துத்தான் கருப்பையில் ஒட்டும். அதற்கப்புறம்தான் அந்தப் பட்டியில் கோடு விழும்.

"அப்படியானால் ஏன் முதல் இரண்டு வாரத்தையும் சேர்த்து எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் சண்டை போடுகிற குரலில்தான் கேட்டேன்.

"சேர்ந்த நாளை யாராலும் பார்க்க முடியாது. ரத்தம் வந்த நாள் அம்மாவுக்குத் தெரியும். அம்மா சொல்வதை நம்பித்தான் நாங்கள் எழுதுகிறோம்" என்றார் மிஸ்.

பிறகு என் தேதிகளை வைத்துப் பார்த்துவிட்டு, அது அனேகமாக வியாழனோ வெள்ளியோ நடந்திருக்கும் என்றார். அப்படியென்றால் அவர் பஸ் ஏறிப் போன பிறகு. நான் மரத்தடியில் கத்தியோடு நின்ற நேரத்தில். மறுநாள் வேலைக்குப் போனபோது ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். எந்த மரத்தைச் சீவும்போது என்று யாருக்குத் தெரியும்? என் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் நடக்கும்போதும் பக்கத்தில் ஒருத்தர் இல்லை. எனக்கே சொல்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

மிஸ்ஸைப் பார்த்த அன்றைக்கே அவருக்கு நாலு நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பினேன். மிஸ் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முட்டை, வித்து என்றெல்லாம் அவரிடம் பேசியதே கிடையாது. காது சுட்டது, ஆனாலும் சொன்னேன். சாயங்காலம் அவர் கேட்டுவிட்டதாக அடையாளம் காட்டியது. பதில் வரவில்லை.

மாமியிடம் சொன்னபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

"இதுதானா? நாங்களும் அப்பிடித்தான எண்ணுவோம். தலைக்கு ஊத்தி எத்தன நாளுன்னுதான் கேப்போம்" என்றார்.

"பின்ன ஏன் மாமி அன்னைக்கு என்கிட்ட அப்பிடிக் கேட்டீங்க?"

"அது நம்ம வாய்க் கணக்கு. இது பேப்பர்ல டாக்டர்மாரு போடுறது. அவுங்க சரியா புள்ள உண்டான நாளத்தான் போடுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

"இப்ப தெரிஞ்சிருச்சுல்ல? உங்க மகனுக்கு எடுத்து சொல்லுங்க."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் எப்பிடி புள்ள சொல்றது? ஆம்பளப் புள்ளகிட்ட போயி தீட்டு, தலைக்கு ஊத்துறதுன்னு பேச முடியுமா? நாக்கு கூசுது."

மருமகள் யாரோடு போனாள் என்று மகனோடு பேசலாம். அதற்கு நாக்குக் கூசாது. இதை வாய்விட்டே மாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் விறகு எடுக்கப் போனார்.

ஸ்கேன் பார்க்க டவுனுக்குத் தனியாகப் போனேன். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் பெண்டாட்டிக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். உள்ளே டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெள்ளை. அதன் நடுவில் என்னவோ விட்டுவிட்டுத் துடித்தது. இதயம் என்றார் டாக்டர். என் கையைத் தவிர பிடித்துக்கொள்ள அங்கே வேறு கை இல்லை. நானே என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துடிப்பைப் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷத்தை ஒரு ஆள் தனியாக வைத்துக்கொள்வது கஷ்டமான வேலை.

வெளியே வந்ததும் புத்தி கெட்டுப்போய் அந்தப் படத்தையும் அனுப்பினேன். மூலையில் எட்டு வாரமும் மூன்று நாளும் என்று மிஷின் அடித்திருந்தது. மிஷினும் அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்துத்தான் எண்ணுமாம். "மிஷினுமே அந்த வெள்ளிக்கெழமையத்தான் காட்டுது" என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம். கடலை அளவு வெள்ளையை அவர் பார்த்தாரா என்று மாமிக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் அவருக்குப் போன் எடுப்பதை நிறுத்தினேன். விடிந்தால் மரம், பிறகு ஸ்டோர், வாந்தி, தூக்கம். பிறக்கப்போவதற்கு அப்பன் பெயர் இருக்குமா இல்லையா என்பதுதான் ஒரே யோசனை. இல்லாவிட்டாலும் பெற்றுக்கொள்வேன் என்று ஒருநாள் ஒரு மரத்திடம் சத்தமாகவே சொன்னேன்.

இருபத்து மூன்றாம் நாள் வியாழக்கிழமை போன் வந்தது.

"சுதா, நான் முட்டாப்பய. நீ சொன்னது சரிதான். பக்கத்து மருந்துக்கடை அப்ஹம் நானாகிட்ட அட்டையக் காட்டுனேன். அவரு பாத்தவொடனேயே சொல்லிட்டாரு, ரெண்டு வாரம் கூட்டித்தான் போடுவாங்களாம். எல்லாருக்கும் அப்பிடித்தானாம்."

"நான் சொல்லலையா?"

"நீ சொன்ன. ஆனா நீ சொல்றதுக்கும் அவரு சொல்றதுக்கும்..." என்று இழுத்தார். பிறகு அழுதார். நிஜமாகவே அழுதார்.

சனிக்கிழமை வந்தார். அப்பிள், திராட்சை, இரண்டு மெட்டர்னிட்டி சட்டை எல்லாம் வாங்கி வந்தார். அம்மாவும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டபோது என் மனது இளகத்தான் செய்தது. ஐந்து வருஷமாக இந்த மனுஷன் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவள் நான். இளகாமல் எங்கே போகும்? இனி எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கும் கூடவே வந்தார். வரிசையில் நான் உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்கமாட்டேன். உள்ளே போனதும் மிஸ் அவரைப் பார்த்துச் சிரித்து, கதிரையில் உட்காரச் சொன்னார். அவருக்காகவே இன்னொரு தடவை கோடு போட்டு, முதல் இரண்டு வாரம் பிள்ளையே கிடையாது என்று விளக்கினார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெரியும் மிஸ், தெரியும் மிஸ் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிஸ் வட்டத்தைச் சுழற்றினார். "இன்றைக்குப் பத்து வாரமும் நாலு நாளும்" என்றார்.

அவர் சிரித்தபடியே இருந்தார். ஆனால் மடியில் கிடந்த வலது கையில் பெருவிரல் நகர்ந்தது. சுண்டுவிரலின் அடிக்கணுவிலிருந்து மேலே, பிறகு அடுத்த விரல், அடுத்த கணு. ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். உதடுகூட லேசாக அசைந்தது. கணக்கு அந்தத் திங்கட்கிழமைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறார். முகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தான் எண்ணுவதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு எல்லாம் விளங்கியது. அடுத்த மாதமும் எண்ணுவார். பிள்ளை பத்து நாள் முந்திப் பிறந்தால் எண்ணுவார், பிந்திப் பிறந்தாலும் எண்ணுவார். அது முதல் தடவை அப்பா என்று கூப்பிடும்போதும் இந்த விரல் இப்படி நகரும். அப்ஹம் நானா சொன்னதை அவர் நம்பிவிட்டார். மிஸ் சொன்னதை நம்பிவிட்டார். என்னை நம்புகிற வேலை அப்படியே பாக்கி கிடக்கிறது.

நான் மேசையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்ன சுதா?"

"ஒண்ணுமில்லங்க. எண்ணி முடிச்சிட்டு வாங்க. நான் வெளியே இருக்கேன்."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. மிஸ் ஒருதரம் அவரையும் ஒருதரம் என்னையும் பார்த்தார். நான் நிற்கவில்லை.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு பெண் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். நிறைமாதம் போலிருந்தாள். துணைக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி, எத்தனை வாரம் என்று சிங்களத்தில் கேட்டாள்.

பத்து வாரமும் நாலு நாளும் என்று சொன்னேன். அந்த இரண்டு வாரத்தைக் கழிக்கவில்லை. அதில் நான் மட்டும்தான் இருந்தேன்.